செவ்வாய்க்கிழமைப் படிகள்

ஜெராக்ஸ் கடைப் பெண்ணின் வீட்டில், முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே இருந்த ஒற்றைப் படி ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டு படிகளாயிற்று. அடுத்த செவ்வாய் அவை நான்காயின. வெளியிலிருந்து பார்த்தால் வீடு ஒரு செங்கல்கூட உயரவில்லை. கூரை இருந்த இடத்திலேயே இருந்தது, அதன் மேல் காயப்போட்ட துணியும் இருந்த இடத்திலேயே காய்ந்தது. உள்ளே மட்டும், பின்னறை முன்னறையை விட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த படிகள் புதுப் படிகளாக இல்லை என்பதைத்தான் தெருவில் பலரும் வியந்து பேசினார்கள். பழைய படியைப் போலவே அவற்றுக்கும் நடுப்பகுதி தேய்ந்திருந்தது. பழைய படியின் இடது மூலையில், என்றைக்கோ இரும்பு வாளி விழுந்து பெயர்ந்த சில்லு எவ்வளவோ, அதே சில்லு ஒவ்வொன்றிலும் பெயர்ந்திருந்தது.

வீடு ஒரு வரிசை வீடு. இரண்டு பக்கமும் பின்பக்கமும் அடுத்தவர் சுவர். தெருவாசல் முன்னறையில், சமையலறையும் தண்ணீர்க் குழாயும் பின்னறையில். பின்னறைக்கு வேறு வாசலோ ஜன்னலோ கிடையாது, கூரையில் பதித்த ஒரு சதுரக் கண்ணாடி வழியாகத்தான் வெளிச்சம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரான அப்பா முன்னறையில் படுப்பார். இரண்டு பெண்களும் பின்னறையில். சின்னவள்தான் ஜெராக்ஸ் கடைப் பெண். மூத்தவள் ஜன்னல் திரை தைப்பவள். அவளுடைய மெஷினும் வெட்டும் மேஜையும் அங்கேதான் இருந்தன. அம்மா காலமான பிறகு அந்த வீட்டில் யார் எங்கே படுப்பது, யார் எப்போது எழுவது என்பதெல்லாம் யாரும் பேசி முடிவெடுக்காமலே நடந்து வந்தது. படி இரண்டாக ஆவதற்கு முந்திய செவ்வாய் வரை.

அந்தச் செவ்வாய் காலையில் சின்னவள் தன் மாலை வகுப்பு நோட்டைத் தேடினாள். பள்ளிக்கூடத்தில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, அல்ஜீப்ராவில் மட்டும் இரண்டு முறை தவறியவள் அவள். மூன்றாவது முறை எழுதுவதற்காக, கடை முடிந்து வாரம் மூன்று நாள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். நோட்டு அக்காவின் மேஜையில் கிடந்தது. அதன் நடுவிலிருந்து இரண்டு தாள்கள் கிழிக்கப்பட்டு, திரையின் ஓர மடிப்புக்கு அளவு வெட்டிய காகிதமாகித் துணியின் மேல் குண்டூசி குத்தி நின்றன. அடுக்குக்குறி விதிகளை அழகாகக் கட்டம் போட்டு எழுதிவைத்த தாள்கள் அவை.

"ஏன்க்கா, கைக்கு எது கெடைச்சாலும் வெட்டிடுவியா?"

"வெறும் தாளுன்னு நெனச்சேன்டி. எல்லாம் ஒரே எக்ஸும் ஒய்யுமா இருந்துச்சு."

"உனக்கு அது வெறும் தாள்தான். நாலு மூலை வெட்டத் தெரியும், வேற என்ன தெரியும் உனக்கு?"

அக்கா கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாள். "சரி. இனிமே உன் பொருளையும் தொடல, உன்கிட்டயும் எதுவும் கேக்கல" என்றாள். அவ்வளவுதான் சண்டை. அன்று மாலை சின்னவள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அந்த ஒற்றைப் படியை இறங்க அவளுக்கு ஒரு நொடி ஆயிற்று.

மூன்றாவது செவ்வாய் எட்டுப் படிகள் வந்தபோது வீட்டில் கணக்குப் பேச்சு தொடங்கியது. முப்பது வருஷம் பஸ்ஸில் ஆட்களை எண்ணிய அப்பாவுக்கு எண்ணுவது கஷ்டமில்லை. போன வாரம் இரண்டு படி கூடியதைப் பார்த்து, "ரெண்டு ரெண்டா ஏறுது, இந்த வாரம் ஆறு வரும்" என்று சொல்லியிருந்தார், எட்டு வந்தது. "அப்ப நாலு நாலா ஏறுது, அடுத்த வாரம் பன்னண்டு" என்றார், பதினாறு வந்தது. ஒவ்வொரு வாரமும் அவர் முந்தின வாரத்துக்குச் சரியாகவே கணக்குப் போட்டார். நின்ற இடத்தில் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ணிப் பழகியவருக்கு, பஸ்ஸில் இருக்கிறவர்களே ஆளுக்கு ஒருவரைப் பெற்றெடுப்பார்கள் என்று தோன்றாததில் ஆச்சரியமில்லை.

தச்சரும் இதே பள்ளத்தில்தான் விழுந்தார். அப்பாவின் முழங்கால் அவ்வளவு நல்ல நிலையில் இல்லாததால், படிகளுக்கு ஒரு கைப்பிடி போட அவரை அழைத்திருந்தார்கள். அவர் எட்டுப் படிக்கு அளவெடுத்துப் போனார். சொன்ன சொல் தவறாதவர். சரியாக ஒரு வாரம் கழித்து, செவ்வாய் மதியம், இழைத்து மெருகு போட்ட கைப்பிடியைத் தோளில் தூக்கி வந்து மாட்டினார். அது பாதி தூரம் போய் நின்றது. தச்சர் தலையைச் சொறிந்துவிட்டு மீதிக்கு அளவெடுத்தார். அடுத்த செவ்வாய் மதியம் அதையும் மாட்டியபோது படிகள் முப்பத்திரண்டு. கைப்பிடி பாதியில் நின்றது. அறுபத்திநான்கு படி இருந்த வாரத்தில் உதவிக்கு இரண்டு ஆட்களை வைத்து இழைத்தார். நூற்று இருபத்தெட்டின் பாதியில் அது நின்றது. "அண்ணே, என் இருபத்தேழு வருஷத் தொழில்ல அளவு தப்பினதே இல்ல. இந்த வீட்டுக்கு இனிமே என்னக் கூப்பிடாதீங்க" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனவர், பல வாரம் அந்தத் தெரு வழியாகவே வரவில்லை. நகராட்சியிலிருந்து கட்டட அளவர் ஒருவரும் வந்தார். வெளியே முன்சுவரையும் கூரையையும் அளந்தார், எதுவும் கூடவில்லை. உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். படிவத்தில் 'மாடி: இல்லை, படிகள்: உண்டு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சின்னவள் முதல் வாரத்திலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வந்தாள். மூன்று பத்திகள்: தேதி, படிகள், சந்தேகம். மூன்றாவது பத்திதான் எப்போதும் நிறைந்திருந்தது. பதினாறு படி வந்த அன்று அவள் ஐந்து முறை எண்ணினாள். மூன்று முறை பதினாறு, ஒரு முறை பதினைந்து, ஒரு முறை பதினேழு. 'பெரும்பாலும் பதினாறு' என்று எழுதினாள். சந்தேகப் பத்தியில், 'வாசற்படியைச் சேர்த்து எண்ணிவிட்டேனா?'

கடையில் அவளுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. ஒருநாள் ஒருவர் பழைய தபால்தலை ஒன்றைக் கொண்டுவந்து, சுவரில் மாட்ட அதைப் பெரிதாக்கித் தரச் சொன்னார். இரண்டரை சென்டிமீட்டர் அகலம். மெஷினில் அதிகபட்சம் இருநூறு சதவீதம்தான் போகும். "மூணு தடவ இருநூறு போட்டா ஆறு மடங்கு. பதினஞ்சு சென்டிமீட்டர் சார்" என்று கடைக்காரர் வாக்குக் கொடுத்தார். சின்னவள் தலையைத் தூக்காமலே, "இருபது வரும்ணே, பெரிய தாள் போடுங்க" என்றாள். இருபது வந்தது. பெரிதாக்கியதை மறுபடி கண்ணாடியில் வைத்தால், மெஷின் பழைய தபால்தலையைப் பார்ப்பதில்லை, கடைசியாக வந்த தாளைத்தான் பார்க்கிறது என்பது நான்கு வருஷமாக அவள் கைக்குத் தெரியும். கைக்குத் தெரிந்தது அல்ஜீப்ரா என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

அன்று மாலை வகுப்புக்குப் போகும் பேருந்து வருவதற்குள் நேரமிருந்ததால், நோட்டைத் திறந்து ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்பதன் கீழே வாரத்தின் எண்களை எழுதினாள். பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. படிகள் என்பது இரண்டின் மேல் வாரத்தை ஏற்றி எழுதுவதுதான் என்று தெரிந்தது. அப்படியே கோடிட்டுக் கீழே போனாள். பத்தாவது வாரத்துக்கு எதிரில் ஆயிரத்து இருபத்திநான்கு என்று வந்தது. அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு சந்தேகப் பத்தியில், 'இருக்க முடியாது. எங்கோ தப்புப் பண்ணியிருக்கிறேன். அல்ஜீப்ராவில் நான் இரண்டு முறை தவறியவள்' என்று எழுதி நோட்டை மூடினாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பதினாறு படிதான் அப்போது. ஒரு சத்தம் போட்டால் அக்காவுக்குக் கேட்டிருக்கும்.

மாலை வகுப்பு ஒரு சிறுபிள்ளைகள் பள்ளியில் நடந்தது. பெஞ்சுகள் குட்டையாக இருந்ததால் எல்லோருக்கும் முழங்கால் மேஜையில் இடித்தது. வகுப்பெடுத்த ஆசிரியை சின்னவளைவிட இரண்டு வயது குறைந்தவர். பகலில் தானும் கல்லூரியில் படிப்பவர், எப்போதும் ஜலதோஷம் பிடித்தவர். அந்த வாரம் அவர் பலகையில் இரண்டின் அடுக்குகளை வரைபடமாகப் போட்டார். கோடு முதலில் தரையை ஒட்டித் தூங்குவதுபோல் போயிற்று. பிறகு எழுந்தது. ஐந்துக்கு மேல் பலகை போதாமல் சுவரில் ஏறியது, ஆறுக்கு நாற்காலி மேல் ஏறி வரைந்தார், ஏழுக்கு எட்டவில்லை. "மீதிய நீங்களே நெனச்சுக்கோங்க" என்று இறங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆரம்பத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். அதான் இதுல மோசம்."

சின்னவள் கையைத் தூக்கினாள். "மேடம், இரண்டின் அடுக்கு பூஜ்ஜியம் ஏன் ஒண்ணு? ஒரு தடவகூட பெருக்கலன்னா ஒண்ணுமே இல்லாமதானே போகணும்?"

"விதி அப்படிங்க. எழுதிக்கோங்க."

பின்பெஞ்சிலிருந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சொன்னார்: "ஒண்ணுமே செய்யாம ஒண்ணு கெடைக்கும்னா நான் நாளைலேருந்து வண்டி எடுக்கல மேடம்." எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். ஆனால் எழுதிக்கொள்ளவில்லை. புரியாததை எழுதிக்கொண்டால் புரிந்துவிட்டதாகக் கைக்கு ஒரு பொய் நம்பிக்கை வந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

இதற்கிடையில் வீடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. காய்கறி மேலே போக வேண்டும், சமைத்தது கீழே வர வேண்டும். அப்பாதான் இரண்டுக்கும் வண்டி. முப்பத்திரண்டு படி வரை இரண்டு கையிலும் பாத்திரம் தூக்கினார். அறுபத்திநான்கில் முதுகில் கூடை கட்டிக்கொண்டார். நூற்று இருபத்தெட்டில் கயிற்றில் கூடை கட்டி இழுக்கும் ஏற்பாடு செய்தார்; அடுத்த வாரத்துக்கு என்று தாராளமாகப் பத்து முழம் கூடுதலாகக் கயிறு வாங்கினார், அது எந்த மூலைக்கும் போதவில்லை. குழம்பு வந்துசேரும்போது ஆறி ஆடை படிந்திருந்தது. மேலே, அக்காவின் வாசல் முதலில் கதவளவு தெரிந்தது, பிறகு தலையணையளவு, பிறகு தபால்தலையளவு. ஒன்பதாவது செவ்வாய், ஐந்நூற்றுப் பன்னிரண்டு படிக்கு மேலே, அது ஒரு சட்டைப் பொத்தானாக மின்னியது. தையல் மெஷினின் சத்தம் கேட்பது நின்றது. வீட்டில் யாரும் யாரிடமும் கோபமாக இல்லை என்று அப்பா தெருவில் சொல்லிக்கொண்டார். அது உண்மைதான். கோபம் ஆறாவது வாரமே இரண்டு பேருக்கும் தீர்ந்துவிட்டது. அதற்குள் பேசுவதற்குத் தூரம் அதிகமாகிவிட்டது.

பத்தாவது செவ்வாய்க்கு முந்தின திங்கட்கிழமை மாலை, கயிறு பயன்படாததால் அப்பா அரிசியும் காயும் கொண்ட கூடையை முதுகில் போட்டுக்கொண்டு ஏறப் புறப்பட்டார். சரிபாதியில், இருநூற்று ஐம்பத்தாறாம் படியில், அவருடைய வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. உட்கார்ந்தார். கொஞ்சம் ஆறட்டும் என்று சுவரில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். காலை ஆறு மணிக்கு, வழக்கம்போல, ஒவ்வொரு இரண்டு படிக்கும் நடுவில் ஒரு படி வந்தது. விழித்துப் பார்த்தபோது அவருக்கு மேலே ஐந்நூற்றுப் பன்னிரண்டு, கீழே ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

அவர் பதறவில்லை. சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்து ஒரே ஒரு முறை ஊதினார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். அந்தச் சத்தம் மேலேயும் போயிற்று, கீழேயும் வந்தது.

அப்பா மேலேயே தங்கிவிட்டார் என்று நினைத்திருந்த சின்னவள் அப்போது படிகளின் அடியில் நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கண்ணுக்கு எட்டியவரை எண்ணி, மீதியைக் கணக்கிட்டு, ஆயிரத்து இருபத்திநான்கு என்று எழுதியிருந்தாள். ஆறு வாரத்துக்கு முன்னால் கண்டுபிடித்து, தப்பு என்று தானே அடித்த அதே எண். நடுவழியிலிருந்து வந்த விசிலைக் கேட்டதும் அவள் மனம் தானாகவே அடுத்த வரிக்குப் போயிற்று: இன்று விட்டால் அடுத்த செவ்வாய் அப்பாவுக்கும் தனக்கும் நடுவே ஆயிரத்துச் சொச்சம், அதற்கடுத்த செவ்வாய் இரண்டாயிரம். முழங்கால் சரியில்லாத மனிதர். மேலே அரிசி இல்லை, கீழே அடுப்பில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லக்கூடிய கடைசி நாள் நேற்றோடு போய்விட்டது. சந்தேகப் பத்தியில் அவள் அன்று எதுவும் எழுதவில்லை. முக்குக் கடைக்கு ஓடிப்போய் பிளாஸ்க்கில் டீ வாங்கிவந்து ஏறத் தொடங்கினாள்.

கைப்பிடி நின்ற இடம் வரை அதைப் பிடித்துக்கொண்டு போனாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு. நானூறைத் தாண்டியதும் அப்பா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அப்பாவுக்கு அப்பால், மேலேயிருந்து, ஒரு கையில் தைலப் புட்டியும் மறுகையில் தூக்கிப் பிடித்த பாவாடையுமாக அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியதால் இரண்டு பேராலும் உடனே பேச முடியவில்லை. அப்பாவின் ஒரு பக்கம் ஒருத்தி, மறுபக்கம் ஒருத்தி உட்கார்ந்தார்கள். அக்கா தைலத்தை எடுத்து முழங்காலில் தேய்க்க ஆரம்பித்தாள்.

"டீ இருக்கு. குடிக்கிறியா?" என்றாள் சின்னவள், படியைப் பார்த்து.

"சக்கர கம்மியா வாங்கினியா?"

"ம்."

"மூணு பேருக்கும் ஒரு டம்ளர்தான் கொண்டாந்திருக்கே" என்றார் அப்பா. "நல்ல கணக்கு படிக்கிறே போ."

அக்கா சிரித்துவிட்டாள். சின்னவள் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். "நாலு மூலைன்னு சொன்னது தப்புக்கா" என்றாள்.

"மூலைய வெட்டறதுதான்டி கஷ்டம். நடுவுல எவ வேணா வெட்டுவா." அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இது ஆயிரத்து இருபத்திநாலுன்னு நான் மூணாவது வாரமே போட்டுட்டேன்."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "எப்படி?"

"துணிய மடிச்சா தெரியாதா? ஒரு மடிப்புக்கு ரெண்டு, ரெண்டு மடிப்புக்கு நாலு. திரை வெட்டறவளுக்கு மடிப்புதான பொழப்பு. பத்து மடிப்புக்கு அவ்வளவுதான் வரும். ஏழுக்கு மேல துணி மடியாது. கணக்கு மட்டும் மடிஞ்சுக்கிட்டே போகும்."

"தெரிஞ்சும் ஏன்க்கா இறங்கி வரல?"

"நீ படிச்சவ. உனக்குத் தெரியாமலா இருக்கும், தெரிஞ்சும் வரலியேன்னு இருந்துட்டேன்."

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. நான் ஒருத்தன் கூடைய தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கேன்" என்று டம்ளரைக் காலி செய்தார். பிறகு இரண்டு முறை விசில் ஊதினார், போகலாம் என்று. இரண்டு பெண்களும் ஆளுக்கு ஒரு தோள் கொடுத்து அவரை ஐந்நூற்றுப் பன்னிரண்டு படியும் இறக்கினார்கள். வழியெல்லாம் பேசினார்கள்: தச்சரின் முகம் போன போக்கு, ஆறிய குழம்பு, ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் வேலை விடும் திட்டம். அன்று மாலையே அக்கா ஆயிரத்து இருபத்திநான்கையும் ஏறித் திரும்பிப் போனாள். ஒரு மருத்துவமனை வார்டுக்குத் தைக்க வேண்டிய திரைகள் பாதியில் கிடந்தன.

அடுத்த செவ்வாய் சின்னவள் இரண்டு எண்களை எதிர்பார்த்து நின்றாள். சனியன் தொடர்ந்தால் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு. நின்றுபோனால் ஆயிரத்து இருபத்திநான்கு. ஆறு மணிக்கு வந்தது ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுவிட்டு ஒரு படி காணாமல் போயிருந்தது. சத்தமோ தூசியோ இல்லை. அவள் எண்ணினாள். இந்த முறை ஒரே ஒரு தடவை.

அப்பா காலை நீட்டி உட்கார்ந்தபடி சொன்னார்: "குறையுது, சரி. ஆனா ஐந்நூத்திப் பன்னண்டும் குறைஞ்சு பழைய ஒத்தப் படியா ஆகறதுக்குள்ள நான் இருக்க மாட்டேன் பாப்பா."

"ஒன்பது வாரம்ப்பா."

"எது?"

"ஒன்பது செவ்வாய். படிய எண்ணாதீங்க. எத்தன செவ்வாய் பேசாம இருந்தோமோ அத எண்ணுங்க. ஏறினது பத்து. இறங்கறதும் பத்துதான். அதுல ஒண்ணு இன்னிக்கே போயிடுச்சு." சொல்லி முடித்த பிறகுதான், 'அப்படித்தான் நினைக்கிறேன்' என்று கடைசியில் சேர்க்காமல் ஒரு எண்ணை வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை என்று அவளுக்கு உறைத்தது. ஆயிரம் என்ற எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். இரண்டின் தோளில் அடுக்குக்குறியாகச் சின்னதாக உட்கார்ந்திருந்த பத்தை யாரும் பார்க்கவில்லை.

கணக்கு ஒன்பது, நடந்தது பதினொன்று. நூற்று இருபத்தெட்டுக்கு வந்த பிறகு, அடிப்பிடித்த பாத்திரம் ஒன்றை யார் தேய்ப்பது என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்து ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். செவ்வாய் காலை இருநூற்று ஐம்பத்தாறு. "ஒரு பாத்திரத்துக்கு நூத்தி இருபத்தெட்டுப் படியா! தேய்ச்சா கை தேஞ்சா போயிடும்?" என்று அப்பா போட்ட கூச்சல் அடுத்த தெருவுக்குக் கேட்டது. அதற்கப்புறம் பாத்திரத்தை அப்பாவே தேய்த்தார். என்ன பேசினால் குறைகிறது, எதைப் பேசினால் குறைவதில்லை என்று சின்னவள் கொஞ்ச நாள் தனிப் பத்தி போட்டுப் பார்த்தாள். ஒழுங்கு எதுவும் பிடிபடவில்லை. அந்தப் பத்தியைக் கோடிட்டு மூடிவிட்டாள்.

அறுபத்திநான்கு வந்த செவ்வாய், தச்சரின் கைப்பிடி முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை மயிரிழை பிசகாமல் பொருந்தி நின்றது. அப்பா ஆளனுப்பி அவரை வரவழைத்தார். தச்சர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிக்கொண்டே ஏறிப் போய் இறங்கினார். "என் அளவு அன்னிக்கும் சரிதாண்ணே. உங்க வீடுதான் முன்ன பின்ன ஆகுது" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்த தலையோடு போனார். அந்தப் பெருமை ஏழு நாள் இருந்தது. பிறகு வாராவாரம் மிஞ்சிய மரத்தை அப்பா கழற்றி எடுத்தார். அதில் செய்த புத்தக அலமாரி இன்னும் முன்னறையில் இருக்கிறது.

படிகள் நான்காக இருந்த வாரம், கடைக்கு ஒரு பெரியவர் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார். "பெருசும் வேணாம், சின்னதும் வேணாம். இருக்கறது இருக்கறபடி குடும்மா" என்றார். சின்னவள் நூறு சதவீதத்தை அழுத்தினாள். தாள் இருந்தபடியே வெளியே வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நின்றுவிட்டாள். ஒரு தடவைகூடப் பெரிதாக்காத தாள் வெள்ளைத் தாளாக வருவதில்லை. அது அழிந்துபோவதில்லை, ஒரு மடங்காக, தானாகவே இருக்கிறது. ஒருவரும் பெருக்குவதற்கு முன்னால் அவர்கள் வீட்டில் பூஜ்ஜியம் படி இருக்கவில்லை. நடு தேய்ந்து, மூலை பெயர்ந்து, இரண்டு பேரும் தினமும் நினைக்காமல் தாண்டிய ஒரு படி இருந்தது. "என்னம்மா, தாள் சூடா இருக்கா?" என்று பெரியவர் கேட்டார். அவள் அவரிடம் கொடுத்துவிட்டு, நோட்டில் அந்த விதியை அன்றுதான் எழுதிக்கொண்டாள்.

ஒற்றைப் படி வந்த செவ்வாய் மூன்று பேரும் அதில் நெருக்கி உட்கார்ந்து சூடான குழம்போடு சாப்பிட்டார்கள். சின்னவள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னறைக்குத் திரும்பினாள். கதை அதோடு முடிந்தது என்று தெரு நினைத்தது. ஆனால் அடுத்த செவ்வாயும் ஆறு மணி வந்தது. ஏழு அங்குலம் இருந்த படி மூன்றரை அங்குலமாயிற்று. அதற்கடுத்த வாரம் ஒன்றே முக்கால். அப்பாவுக்குக் குஷி தாங்கவில்லை. முழங்காலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். "எப்ப பாப்பா ஒரேயடியா தரையாகும்?" என்று கேட்டார்.

"ஒருநாளும் ஆகாதுப்பா."

"ஏன், பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"பேசப் பேச பாதியாகும். பாதில பாதியாகும். பாதின்னா எப்பவும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்ப்பா."

பின்னறையில் மெஷினிலிருந்து தலை தூக்காமல் அக்கா சொன்னாள்: "இருக்கட்டுமே. ரெண்டு ரூம்னு தெரிய வேணாமா?"

அவ்வாண்டுத் தேர்வில், எந்த எண்ணின் அடுக்கு பூஜ்ஜியமும் ஏன் ஒன்று என்று விளக்குக என ஒரு கேள்வி வந்தது. சின்னவள் ஜெராக்ஸ் மெஷினை வைத்து ஒரு பக்கம் எழுதினாள். அந்தக் கேள்விக்குப் பாதி மதிப்பெண் கிடைத்தது, பாடத்தில் தேறிவிட்டாள். ஒற்றைப் படி தாழத் தொடங்கிய பதினொன்றாவது செவ்வாய், அதன் உயரத்தை அளக்க அளவுகோல் உதவாமல் போனபோது, கடையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்தாள். தாளின் கனம்கூட இல்லை. அதன் பிறகு அவள் அளக்கவில்லை, ஆனால் நோட்டில் ஒவ்வொரு செவ்வாயும் எண்ணை எழுதினாள். கணக்குப் போட்டாலே போதும், போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நடுநடுவே சண்டை வரும். வந்தால் அந்த வாரம் அந்தப் படி இரண்டு மடங்காகும். ஒரு தூசியின் பாதி, ஒரு தூசியாகும். யாருக்கும் கால் இடறாது.

அந்த வீட்டின் முன்னறையிலிருந்து பின்னறைக்குத் தரை இப்போது ஒரே மட்டமாக ஓடுகிறது. பார்க்க வருகிறவர்கள் விறுவிறுவென்று நடந்து போகிறார்கள். வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தாமலே காலைக் கொஞ்சம் தூக்கி வைக்கிறார்கள். திரைக்கு அளவு கொடுக்க அடிக்கடி வருகிற சிலரும் இப்போது அப்படித்தான் நடக்கிறார்கள்.